பொன்மலையில் ஒரு பேண்ட், லிவர்பூலில் ஒரு நிலவறை

1959 ஆகஸ்ட் 29 அன்று லிவர்பூலில் ஒரு வீட்டின் நிலவறையில் ‘கஸ்பா காபி கிளப்’ திறந்தது. வீட்டின் சொந்தக்காரி மோனா பெஸ்ட் டெல்லியில் பிறந்தவர். அவருடைய மகன் பீட் பெஸ்ட் பிறந்தது 1941இல், மதராஸில். நிலவறைக்கு வண்ணம் பூச ஒத்தாசை செய்த ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும், திறப்பு இரவில் ‘குவாரிமென்’ என்ற பெயரில் அங்கே வாசித்தார்கள். மறு ஆண்டு பீட்டை ட்ரம்ஸுக்குச் சேர்த்துக்கொண்டு, ‘பீட்டில்ஸ்’ ஆகி ஹாம்பர்க் கிளம்பினார்கள். 1962இல் அவரைக் கழற்றிவிட்டு ரிங்கோ ஸ்டாரை எடுத்துக்கொண்ட கதை உலகறிந்தது. அந்த ட்ரம்ஸ்காரர் நம்மூரில் பிறந்தவர் என்பதை மட்டும் நம்மூர் பெரிதாகக் கொண்டாடியதில்லை.

அப்படி பேண்ட் நேரில் வாசிக்கும் இரவு திருச்சிக்கும் புதிதல்ல. நாகப்பட்டினத்திலிருந்த தென்னிந்திய ரயில்வே பணிமனை 1928 வாக்கில் திருச்சியின் பொன்மலைக்கு வந்தது. கூடவே குடியிருப்பும் வந்தது. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் வந்தன. ரயில்வே குடியிருப்பு என்றால் அதில் ஓர் ‘இன்ஸ்டிடியூட்’ இருக்கும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று வந்துவிட்டால் அங்கே பேண்ட் வாசிக்க, ஜோடி ஜோடியாக நடனம் நடக்கும். அதே பணிமனையில் சம்மட்டி பிடித்த தமிழ்த் தொழிலாளிக்கு அது பெரும்பாலும் மதிலுக்கு வெளியே நின்று கேட்கிற பாட்டுத்தான். ஊருக்குள் இருந்த இசை, ஊராருடையதாக ஆகவில்லை.

1947க்குப் பிறகு அந்தக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கப்பலேறின. முதலில் இங்கிலாந்து, பிறகு ஆஸ்திரேலியா. வாசிக்கத் தெரிந்த கைகள் பலவும் அவர்களோடு போயின.

பேண்டுக்கு மேடை கிடைக்காததற்கு இன்னொரு காரணம் மதுவிலக்கு. 1937இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிவைத்தது, 1948இல் மாகாணம் முழுவதற்கும் பரவியது. 1971இல் கருணாநிதி தளர்த்தினார். 1974இல் அவரே மறுபடி பூட்டினார். 1981இல் எம்.ஜி.ஆர். திறந்தார். 1983இல் டாஸ்மாக் பிறந்தது, 2003இல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு வந்தன. பெங்களூரில் பீர் குவளைக்குப் பக்கத்திலேயே கிடார் பழகிக்கொண்டிருந்தபோது, இங்கே உட்கார்ந்து குடிக்க ஒன்று நட்சத்திர ஹோட்டல், இல்லையென்றால் பிளாஸ்டிக் டம்ளர் உருளும் டாஸ்மாக் பார். இரண்டிலும் ஒரு புது பேண்டுக்கு என்ன வேலை?

ஆனால் பழியை மொத்தமாக மதுவிலக்கின் தலையில் கட்டுவதும் சரியில்லை. கஸ்பாவில் மது கிடையாது; காபியும் கோலாவும்தான். பிள்ளைகள் சத்தம் போடட்டும் என்று தன் வீட்டு நிலவறையையே விட்டுக்கொடுத்த ஒரு தாய் அங்கே இருந்தார். வாடகையும் அக்கம்பக்கத்துப் புகாரும் சேர்ந்து விரட்டும் நம் நகரங்களில் அப்படியொரு ஆள் கிடைப்பதுதான் அரிது.

ஆகவே ராக் இங்கே கல்லூரிக்குள் ஒதுங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யின் ‘மார்டி கிரா’ விழா 1974இல் தொடங்கியது. இன்று அதன் பெயர் ‘சாரங்’. துவாக்குடியில் அப்போது ஆர்.இ.சி. என்றழைக்கப்பட்ட இன்றைய என்.ஐ.டி.யில் 1975இல் ‘ஃபெஸ்டெம்பர்’ தொடங்கியது. 2009இல் சுவீடனின் மெட்டல் குழு ‘ஓபெத்’ சாரங் மேடையேறியபோது, பத்து நிமிடம் நீளும் உறுமல் பாடல்களைக் கேட்க வெளியூர்களிலிருந்தெல்லாம் ரசிகர்கள் திரண்டார்கள்.

திருவிழா வருடத்துக்கு ஒருமுறைதான். பேண்ட் வளர்வது வாரா வாரம் நாற்பது பேர் முன்னால் தப்பும் தவறுமாக வாசித்துத்தான். ஹாம்பர்க்கில் பீட்டில்ஸ் இரவுக்கு இரவு மணிக்கணக்கில் வாசித்தார்கள். சென்னையில் அந்த மணிக்கணக்கைச் சம்பளத்தோடு கொடுத்தது சினிமா ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றுதான். ‘ரூட்ஸ்’ குழுவில் சிவமணியோடு கீபோர்டு வாசித்து, ‘நெமிசிஸ் அவென்யூ’ என்ற ராக் குழுவையும் தொடங்கிய இளைஞர்தான் 1992இல் ‘ரோஜா’வுக்கு இசையமைத்த ஏ.ஆர். ரஹ்மான். சினிமாவுக்கு லாபம், ராக்குக்கு நஷ்டம் என்று சொல்ல ஆசைதான், ஆனால் ‘ரோஜா’வைக் கேட்டவர் யார் வருத்தப்படப்போகிறார்?

அதே 1992இல் சிங்கப்பூரில் ‘ருத்ரா’ உருவானது. கதிர் முதலிய இளைஞர்கள் டெத் மெட்டலோடு வேத மந்திரங்களைச் சேர்த்து, ‘வேதிக் மெட்டல்’ என்றே ஒரு பிரிவை உருவாக்கினார்கள். அந்த ஊரில் இடமும் இருந்தது. ஆர்மீனியன் தெருவில் பழைய துணை மின்நிலையக் கட்டடம் ஒன்றை, நாடகக்காரர் குவோ பாவ் குன் 1990இல் ‘தி சப்ஸ்டேஷன்’ என்ற கலைக்கூடமாக மாற்றியிருந்தார். அதன் தோட்டத்தில் பங்க், மெட்டல் பேண்டுகள் வாசித்தன. சப்ஸ்டேஷனும் 2021இல் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

திருச்சிக்காரர்களிடம் கிளப் இல்லையே என்று கேட்டால், பாதிப் பேர் சமயபுரம் மாரியம்மன் கோயிலைக் கைகாட்டக்கூடும். மாசிக் கடைசி ஞாயிறன்று பூச்சொரிதல். திருச்சியிலிருந்தும் ஸ்ரீரங்கத்திலிருந்தும் பூத்தட்டுகளும் அலங்கார வண்டிகளும் கிளம்ப, மேளத்துக்கு முன்னால் இளவட்டங்கள் வியர்க்க வியர்க்க ஆடிக்கொண்டே போவார்கள். இதை ராக் என்பது அசட்டுத்தனம். அம்மன் முன்னால் ஆடுகிறவருக்கு அது வேறு விஷயம். ஆனாலும் நெஞ்சுக்கூடு அதிரத் தோல்கருவிக்குப் பக்கத்தில் நிற்கும் ஆசைக்கு இந்த ஊர் டிக்கெட் போட்டதில்லை.

அந்தத் தோல்கருவியும் மின்கிடாரும் ஒரே மேடையில் ஏறிய இரவும் வந்தது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’, 2018 ஜனவரி 6 அன்று கானாவையும் ராக்கையும் ராப்பையும் கலந்து சாதிக்கு எதிராகப் பாடியது. கேட்க ஆயிரக்கணக்கில் கூடினார்கள். இடம், கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானம்.