தடையும் விலையும்: 1952ஆம் ஆண்டின் இலங்கை – சீன றப்பர், அரிசி ஒப்பந்தம்

முன்னுரை

1952 டிசம்பர் 18 அன்று பீக்கிங் நகரில் இலங்கையும் சீன மக்கள் குடியரசும் ஐந்தாண்டு கால வாணிப ஒப்பந்தமொன்றில் கைச்சாத்திட்டன. ஆண்டுதோறும் இலங்கை 50,000 மெட்ரிக் தொன் றப்பர் தாள்களை வழங்கும். சீனா 270,000 மெட்ரிக் தொன் அரிசியை வழங்கும் என்பது அதன் சாரம். அவ்வேளையில் கொழும்பில் சீனத் தூதரகமும் இல்லை, பீக்கிங்கில் இலங்கைத் தூதரகமும் இல்லை. இலங்கையை ஆண்டது பொதுவுடைமை எதிர்ப்பைத் தன் அடையாளமாகவே கொண்டிருந்த ஐக்கிய தேசியக் கட்சி. சீனப் படைகளோ கொரியாவில் ஐக்கிய நாடுகளின் கொடியின்கீழ் நின்ற படைகளை எதிர்த்துப் போரிட்டுக்கொண்டிருந்தன.

அரச விழாக்களிலும் ஆண்டுநிறைவு மலர்களிலும் இவ்வொப்பந்தம் இரு நாட்டு நட்பின் ஊற்றுக்கண்ணாகவும் சிறுநாடொன்றின் அஞ்சாமைக்குச் சான்றாகவும் போற்றப்படுகிறது. இவ்விரு விளக்கங்களும் 1952ஆம் ஆண்டின் கணக்கேடுகளைக் காட்டிலும் 1957க்குப் பிந்திய அரசியலையே சார்ந்துள்ளன என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. இலங்கையைப் பீக்கிங்குக்கு அழைத்துச் சென்றது விலை. அவ்விலையை உருவாக்கியது தடை.

தடையின் சட்ட எல்லை

1951 மே 18 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானம், ஆயுதங்கள், வெடிபொருள்கள், அணுசக்திப் பொருள்கள், பெற்றோலியம், போர்த்திறன் வாய்ந்த போக்குவரத்துச் சாதனங்கள், படைக்கலம் செய்ய உதவும் பொருள்கள் ஆகியவற்றைச் சீனாவுக்கு அனுப்பலாகாது எனப் பரிந்துரைத்தது. றப்பர் அதில் பெயர்சுட்டிக் கூறப்படவில்லை. எனினும் டயர் இன்றிப் படை நகராது என்னும் அடிப்படையில், அமெரிக்காவும் பிரித்தானியாவும் அதனைப் போர்த்திறப் பொருளாகவே கருதின. பிரித்தானிய ஆட்சியிலிருந்த மலாயாவும் சிங்கப்பூரும் சீனாவுக்கான றப்பர் ஏற்றுமதியை நிறுத்தின.

இலங்கை அப்போது ஐக்கிய நாடுகள் சபையின் உறுப்பினர் அன்று. அதன் விண்ணப்பம் சோவியத் ஒன்றியத்தின் தடுப்பதிகாரத்தால் பலமுறை மறுக்கப்பட்டு, 1955 டிசம்பரிலேயே ஏற்கப்பட்டது. தீர்மானம் எல்லா நாடுகளையும் நோக்கியே எழுதப்பட்டிருந்தபோதிலும், அவைக்குள் இடம் மறுக்கப்பட்ட நாடு அவ்வவையின் பரிந்துரைக்குக் கட்டுப்பட வேண்டுமா என்ற வினா கொழும்பின் கையில் நல்லதொரு வாதமாக இருந்தது. மாஸ்கோ மூடிய கதவு, மாஸ்கோவின் தோழமை நாட்டுடன் வாணிபம் செய்ய இலங்கைக்கு வழிவிட்டது எனலாம்.

உண்மையான நெருக்குதல் வாஷிங்டனிலிருந்து வந்தது. 1951 அக்டோபரில் அமெரிக்கா இயற்றிய, காங்கிரஸ் உறுப்பினர் பாட்டிலின் பெயரால் அறியப்படும் சட்டம், போர்த்திறப் பொருள்களைப் பொதுவுடைமை நாடுகளுக்கு அனுப்பும் நாடுகளுக்கு அமெரிக்க உதவியை மறுத்தது. இது பிறநாட்டு வாணிபத்தை நேரடியாகத் தடுப்பதன்று. உதவி பெறுவோரை அவ்வுதவியைக் கொண்டே கட்டுப்படுத்துவது. ஆகவே ஒரு நாடு பெறும் உதவி எவ்வளவு சிறிதோ, அந்நாட்டின்மீது இச்சட்டத்தின் பிடியும் அவ்வளவு தளர்ந்ததாகும். இலங்கை பெற்றுவந்த அமெரிக்க உதவி மிகச் சிறிது.

றப்பரும் அரிசியும்

கொரியப் போர் மூண்ட 1950ஆம் ஆண்டில் ஏறத் தொடங்கிய றப்பர் விலை 1951இன் தொடக்கத்தில் உச்சத்தைத் தொட்டது. அமெரிக்கா தன் இருப்பை நிரப்பிக்கொண்டு செயற்கை றப்பர் ஆலைகளையும் மீள இயக்கியதும், 1952இல் அவ்விலை பாதிக்கும் கீழே சரிந்தது. அரிசி விலையோ எதிர்த்திசையில் சென்றது. தன் அரிசித் தேவையின் பெரும்பகுதியை இறக்குமதியால் நிறைவுசெய்த ஒரு நாடு, விற்பது மலிந்து வாங்குவது அருகிய அந்த ஆண்டில் பங்கீட்டு அரிசியையும் குறைக்க நேர்ந்தது. 1952 மார்ச்சில் டி. எஸ். சேனநாயக்க மறைந்தபின் பொறுப்பேற்று, மே மாதத் தேர்தலில் வென்ற டட்லி சேனநாயக்கவின் அரசுக்கு இதைக் காட்டிலும் அவசரமான பணி வேறொன்றில்லை.

முதலில் நாடப்பட்டது அமெரிக்காவே என்பதை நட்புறவு வரலாறுகள் பெரும்பாலும் சொல்லாமல் கடந்துவிடுகின்றன. றப்பருக்குச் சந்தை விலையினும் கூடிய நிலையான விலையையும் அரிசி கிடைப்பதற்கான உறுதியையும் இலங்கை வேண்டியது. வாஷிங்டனோ சிங்கப்பூர்ச் சந்தை விலைக்கு மேல் தர இசையவில்லை. அமெரிக்கக் கணக்கில் அது ஒரு சரக்கின் கொள்முதல். கொழும்பின் கணக்கில் அது பங்கீட்டு அட்டையின் அளவு.

வாணிப அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்க தலைமையில் பீக்கிங் சென்ற தூதுக்குழு, 1952 அக்டோபர் 4 அன்று 80,000 மெட்ரிக் தொன் அரிசிக்கான உடன்பாட்டை எட்டியது. அதன் தொடர்ச்சியே டிசம்பர் ஒப்பந்தம். றப்பருக்குச் சிங்கப்பூர் விலையினும் உயர்ந்த விலையும் அரிசிக்கு உலகச் சந்தையினும் தாழ்ந்த விலையும் கிடைத்தன. ஏறத்தாழ ஓர் இலட்சம் தொன்னாக இருந்த இலங்கையின் ஆண்டு றப்பர் உற்பத்தியில் பாதிக்கு, ஐந்தாண்டுகளுக்கு உறுதியான கொள்வோர் அமைந்தனர். நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தனவுக்கு அமெரிக்க உதவி பற்றிய கவலை இருந்தது. ஆயினும் அமைச்சரவையில் அரிசியே வென்றது.

எதிர்வினை

இலங்கைக்கான அமெரிக்கப் பொருளாதார உதவி நிறுத்தப்பட்டது. 1956இல்தான் மீண்டும் தொடங்கியது. இதனினும் கூர்மையானது கந்தகம் பற்றிய நடவடிக்கை. றப்பர் மரத்தின் இளந்தளிரைத் தாக்கும் சாம்பல் நோய்க்குக் கந்தகத்தூள் தூவுவதே அக்காலத்து மருந்து. சீனாவுக்கு றப்பர் செல்வதைக் காரணங்காட்டி, அமெரிக்கா அக்கந்தகத்தை இலங்கைக்கு விற்க மறுத்தது. உதவி நிறுத்தம் நிதி அறிக்கையில் மட்டும் தெரிவது. கந்தக மறுப்பு தோட்டத்து மரத்தையே குறிவைத்தது. ஒரு வல்லரசின் தடைக்கொள்கை எவ்வளவு நுண்ணிய பொருள்வரை இறங்கக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

ஒப்பந்தம் உள்நாட்டு அமைதியைத் தந்துவிடவும் இல்லை. அது அரிசி வரத்தை உறுதிசெய்தது; அடுப்படியில் அரிசியின் விலையைத் தீர்மானித்ததோ அரச மானியம். 1953 ஜூலையில் மானியம் நீக்கப்பட்டு, ஒரு கொத்துப் பங்கீட்டு அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தது. ஆகஸ்ட் 12இல் ஹர்த்தால் வெடித்தது, உயிர்கள் பலியாயின, அக்டோபரில் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அவருக்குப்பின் வந்த சேர் ஜோன் கொத்தலாவல 1955இல் பாண்டுங் மாநாட்டில், சூ என்லாய் அமர்ந்திருந்த அவையிலேயே, கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கத்தையும் காலனியாதிக்கமாகக் கருத வேண்டுமெனச் சாடினார். அவ்வாண்டும் றப்பர் போயிற்று, அரிசி வந்தது. இவ்வாணிபத்தைக் கருத்தியல் தோழமையாக விளக்குவோர் இந்நிகழ்ச்சிக்கு விடைகூற வேண்டும்.

மேலதிக விலையின் மறைவு

சீனா அளித்த மேலதிக விலை, மலாயா றப்பர் தனக்குக் கிட்டாத நிலைமைக்கு அது செலுத்திய கட்டணமே ஆகும். 1956இல் மலாயாவும் சிங்கப்பூரும் சீனாவுக்கு றப்பர் அனுப்ப அனுமதிக்கப்பட்டன. 1957இல் பிரித்தானியா சீனாவுக்கென இருந்த தனிக் கட்டுப்பாடுகளைக் கைவிட்டது. அதே 1957இல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டபோது மேலதிக விலை நீங்கியது. அதற்கு மாற்றாக, றப்பர் மறுநடுகைக்கென ஐந்தாண்டுகளில் 75 மில்லியன் ரூபா கொடையாக வழங்கச் சீனா இசைந்தது. முழுத் தூதரக உறவு நிறுவப்பட்டதும் அவ்வாண்டு பெப்ரவரியில்தான். இங்குக் காலவரிசை கருதத்தக்கது: விலைச்சலுகை மிகுந்திருந்த காலத்தில் தூதரகம் இல்லை, தூதரகம் வந்த ஆண்டில் விலைச்சலுகை போயிற்று. சந்தை தந்துவந்ததை அதன்பின் அரசு தரவேண்டியதாயிற்று; கொடை என்பதும் நட்பு என்பதும் இவ்வுறவின் மொழியாக மாறியது அக்கட்டத்திலேயே. ஐந்தாண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்பட்ட இவ்வொழுங்கு 1982வரை நீடித்தது.

களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தோட்டங்களில் விடியற்காலையில் மரம் வெட்டிப் பால் எடுத்தவர்களைப் பற்றி ஒப்பந்த வரலாறுகள் ஏறக்குறைய ஒன்றும் சொல்வதில்லை. சிங்களக் கிராமத்துத் தொழிலாளரோடு இந்திய வம்சாவளித் தமிழரும் அங்கு உழைத்தனர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் அத்தமிழருள் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்திருந்தன. 1952 மே மாதத் தேர்தலில் அரிசியைப் பற்றிய வாதங்கள் மேடைதோறும் ஒலித்தபோது, அவர்கள் வாக்காளர் பட்டியலுக்கு வெளியே நின்றனர். அவ்வரிசிக்கு ஈடாகச் சீனாவுக்குச் சென்ற றப்பரில் அவர்கள் எடுத்த பாலும் இருந்தது.