முதுசம்

பாரம்பரிய நெல்லைக் காத்துவந்த கமக்காரருக்கு 'ரோயல்டி' கொடுக்க வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள். கருத்து நல்லது; சொல்தான் பொருந்தவில்லை. அது அரசனைக் குறிக்கும் வேரில் முளைத்தது. கனிமம் எடுப்பவர் அரசனுக்குச் செலுத்திய பங்கைக் குறித்து, பிறகு நூலாசிரியர் பெறும் பங்குக்கும் வந்தது. எங்களிடம் 'முதுசம்' இருக்கிறது. முதுமையும் சொத்தைக் குறிக்கும் 'சொம்'மும் சேர்ந்த முதுசொம், பேச்சில் முதுசமாயிற்று. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த யாழ்ப்பாண வழக்குச் சட்டமான தேசவழமை, சொத்தை முதுசம், சீதனம், ஈட்டிச் சேர்த்த தேடியதேட்டம் என வகுத்தது. கணவன் வழிப் பரம்பரைச் சொத்தே அன்று முதுசம். இன்று மொழியும் கோயிலும் நூலும்கூட முதுசம்தான். அந்த விரிவில் விதைக்கும் இடமுண்டு. ஆய்வுநிலையம் உருவாக்கும் புது இரகம் தேடியதேட்டம். புட்டுக்கு நாங்கள் தேடும் மொட்டைக்கறுப்பன் நெல் முதுசம். இந்தியாவின் 2001ஆம் ஆண்டுப் பயிர் இரகப் பாதுகாப்புச் சட்டம் இரண்டையும் மதிக்கிறது: புது இரகம் உருவாக்கியவருக்கு உரிமை, பழைய இரகங்களைப் பேணிய உழவருக்கும் சமூகங்களுக்கும் மரபணு நிதியிலிருந்து வெகுமதி. அந்த வெகுமதியை நான் 'முதுசப் பங்கு' என்பேன். பங்கு என்றால் அது தருமமாகாது. விதைநெல்லைத் தலைமுறைதோறும் எடுத்துவைத்த கைகளுக்குச் சேரவேண்டிய கடன்.