பங்கும் முறையும்

‘டைம் ஷேர்’ என்பதற்குத் தமிழ் என்ன என்று நண்பர் ஒருவர் கேட்டார். மலைவாசத்தலத்து விடுதியொன்றில் ஆண்டுக்கு ஏழு நாள் தங்கப் பணம் கட்டியிருக்கிறார். விற்றவர் ‘பங்கு’ என்றாராம். எனக்கு நாகலாபுரத்தில் எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் கிடக்கும் கிணற்றுப் பத்திரம் நினைவுக்கு வந்தது.

கரிசல் மானாவாரி பூமி. தோட்டக் கிணறு வெட்டுவது பல வேளை ஒரு குடும்பத்தால் ஆகாத காரியம். வெட்டிய கிணறும் அடுத்த தலைமுறையில் பிள்ளைகளுக்குள் பிரியும். நிலத்தை அளந்து பிரிக்கலாம். கிணற்றை எப்படிப் பிரிப்பது? பத்திரம் எழுதியவர் இரண்டு சொற்களைக் கையாண்டிருக்கிறார். கிணற்றில் எட்டில் ஒரு பங்கு. எட்டு நாளைக்கு ஒரு நாள் இறைவை முறை. பங்கு என்பது உடைமை. முறை என்பது அதை அனுபவிக்கும் காலம். முறையைத் தவறவிட்டவனுக்கு அன்றைய தண்ணீர்தான் போகும், பங்கு போகாது. தூர் வாரும்போது எட்டில் ஒரு பங்குச் செலவும் அவன் தலையில்தான். கமலை போய் மோட்டார் வந்தது, முறை மணிக்கணக்காயிற்று. சொற்கள் மட்டும் மாறவில்லை.

நிலத்திலும் இவ்வழக்கு இருந்ததுண்டு. மிராசு உரிமை பற்றி எல்லிஸ் எழுதி 1818இல் அச்சான நூலில் ‘பசுங்கரை’, ‘அறுதிக்கரை’ என்னும் சொற்கள் வருகின்றன. முன்னது பொதுவில் வைத்து அவ்வப்போது மாற்றிக்கொள்ளும் பங்கு. பின்னது நிலையாகப் பிரித்துக்கொண்ட பங்கு. (அந்த எல்லிஸ் மறு ஆண்டு இறந்தது நமக்குப் பக்கத்து இராமநாதபுரத்தில்.) ‘காணி’யையும் பாருங்கள். அது 1/80 என்னும் பின்னம். வழிவழி வரும் நில உரிமைக்கும் அதுவே பெயர்.

விடுமுறை விடுதிகளைப் பலர் பகிரும் ஏற்பாடு 1963இல் சுவிட்சர்லாந்தின் ஹாப்பிமாக் நிறுவனத்தோடு உருப்பெற்றது. சென்னையில் 1986இல் ஸ்டெர்லிங் தொடங்கியது. இன்று இந்தியாவில் விற்பவற்றுள் பெரும்பாலானவை அறையின் உடைமையைத் தருவதில்லை. குறித்த ஆண்டுகள் வரை, ஆண்டுக்குச் சில நாள் தங்கும் உரிமையையே தருகின்றன. நம் கிணற்றுப் பத்திர மொழியில் சொன்னால் முறை உண்டு, பங்கு இல்லை. பராமரிப்புச் செலவு மட்டும் பங்காளிக்குப் போலவே ஆண்டுதோறும் வரும்.

‘தங்குமுறை’ என்று சொல்லலாமே என்றேன். நண்பருக்குப் பிடிக்கவில்லை. ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தார், இருவரும் புரட்டினோம். ‘உறுப்பினர்’ என்று பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. உரிமையாளர் என்றோ பங்கு என்றோ ஓரிடத்திலும் இல்லை. மகள் பெயருக்கு எழுதிவைக்கலாம் என்றிருந்தார் அவர். இப்போது இன்னும் எத்தனை ஆண்டு மீதி என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்.