வாவிக்கரைக் களிமண்ணும் சிற்பக் கல்வியும்

வீட்டில் நிகழும் மங்கல காரியம் எதுவாயினும், முதலில் பிள்ளையார் பிடித்து வைப்பது தமிழர் வழக்கம். ஒரு பிடி மஞ்சளோ ஒரு பிடி சாணமோ அதற்குப் போதும். கண்ணும் காதும் அமைக்க வேண்டியதில்லை. உள்ளங்கையில் வைத்து விரல்களால் அழுத்தி நிறுத்தி, மேலே அறுகம்புல்லைச் செருகியதும் அது வழிபாட்டுக்குரிய உருவமாகிவிடுகின்றது. இதனைச் செய்யும் பாட்டியாரைச் சிற்பி என்று எவரும் அழைப்பதில்லை. ஆயினும் சிற்பக் கலையின் முதற்பாடம் அவர் கையிலே உள்ளது. கல்லைச் செதுக்குகின்றோம், உலோகத்தை வார்க்கின்றோம், பானையை வனைகின்றோம், பிள்ளையாரையோ பிடிக்கின்றோம். கையின் அழுத்தமே உருவமாகும் அந்தச் செயலுக்குத் தமிழ் தனியாக ஒரு சொல்லை வைத்திருக்கின்றது.

அத்தொழிலைச் செய்தோர்க்கும் பழந்தமிழில் ஒரு பெயர் உண்டு. புகார் நகரின் தொழிலாளரை வரிசைப்படுத்தும் சிலப்பதிகாரம், ஓவியரைக் ‘கண்ணுள் வினைஞர்’ என்றும், அவர்களை அடுத்து மண்ணால் உருவம் அமைப்போரை ‘மண்ணீட்டாளர்’ என்றும் கூறுகின்றது. அக்காப்பியத்தின் தலைவியாகிய கண்ணகியை வைகாசித் திங்களில் இன்றும் குளிர்த்தி செய்து வழிபடும் நாடு மட்டக்களப்பு. மண்ணீட்டாளர் என்னும் சொல்லுக்கு மீண்டும் உயிர் கொடுக்கும் தகுதி இந்நாட்டுக்கு உண்டு. இங்கு மண்ணுக்கும் குறைவில்லை. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவிக்கு ஒருபுறம் எழுவான்கரை, மறுபுறம் படுவான்கரை. வயலும் குளமும் நிறைந்த படுவான்கரையிலே களிமண் காலுக்கடியிற் கிடக்கின்றது. களப்பு என்னும் சொல்லையே பெயரில் தாங்கி நிற்கும் நாடன்றோ இது!

மண் இருந்தால் மட்டும் போதாது. அதனைக் கொண்டு உருவம் சமைக்கப் பிள்ளைகளுக்கு எவ்வாறு கற்பிப்பது, இக்காலச் சிற்பிகளிடமிருந்து எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பனவே கேள்விகள். இவற்றுக்கு விடைகாண, கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் களிமண் கல்வி நடந்து வந்த வழியைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

முன்னாளில் சிற்பம் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த குலத்தொழில். அதனைப் பள்ளிக்கூடத்துப் பாடமாக்கியது ஆங்கிலேயர் ஆட்சி. சென்னையில் 1850ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவர் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். கைத்தொழிலை வளர்ப்பது அதன் பெருநோக்கம். மட்பாண்டத் தொழிலுக்கும் அங்கே இடமிருந்தது. ஆனால் அக்காலத்துக் கலைப்பள்ளிகளிற் பொதுவாக நிலவிய முறை, மேனாட்டுச் சிலைகளின் சாந்து வார்ப்புகளை முன்னே வைத்து, அவற்றைப் பார்த்து வரையவும் பிரதி செய்யவும் பழக்குவதாகும். மாணவன் கண்முன் நின்றது உயிருள்ள மனிதனன்று. பிறர் கண்டு முடித்த மனிதனின் படி.

இத்தகைய கல்வி ஐரோப்பாவிலும் இருந்தது. அதன் வாயிலில் மும்முறை தட்டி மும்முறையும் திருப்பி அனுப்பப்பட்டவர் ஓகுஸ்த் ரோடின். பாரிசின் உயர்கலைப் பள்ளி அவரை ஏற்க மறுத்தது. அவர் பயின்றது தொழிற்கலைக்கென அமைந்த ஒரு சிறு பள்ளியிலேயாம். அங்கே லெகொக் என்னும் ஆசிரியர் ஒரு புதுமையான பயிற்சியை அளித்து வந்தார். மாணவர் ஒரு பொருளை நன்கு நோக்க வேண்டும். பின்னர் அப்பொருள் கண்முன் இல்லாதபோது நினைவிலிருந்தே அதனை வரைய வேண்டும். கண் காண்பதைக் கை உடனே நகல் செய்தால் மனம் உறங்கிவிடும். பொருளை மறைத்துவிட்டால் மனம் விழித்துக்கொள்ளும் என்பது அதன் உட்கருத்து.

ரோடின் களிமண்ணில் உருவம் அமைத்த முறையும் குறிப்பிடத்தக்கது. முன்புறத் தோற்றத்தோடு அவர் நிறைவடைவதில்லை. மாதிரியாக நிற்பவரையும் மண்ணுருவையும் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒவ்வொரு கோணத்திலும் புறவரைகளை ஒப்பிடுவார், மேலிருந்தும் நோக்குவார். 1877ஆம் ஆண்டில் அவர் ‘வெண்கல யுகம்’ என்னும் ஆளுயரச் சிலையைக் காட்சிக்கு வைத்தபோது, உயிருள்ள மனிதன் உடம்பின்மீதே அச்செடுத்துவிட்டார் என்று குற்றஞ்சாட்டினர். ஒரு சிற்பிக்கு அதனிலும் பெரிய இழிவு வேறில்லை. அப்பழியிலிருந்து விடுபட அவர் நெடிது போராட நேர்ந்தது. 1880இல் அரசே அச்சிலையை வாங்கியது. அச்சு வேறு, ஆக்கம் வேறு என்னும் உண்மையை அவ்வழக்கு உலகுக்கு உணர்த்தியது.

ரோடினின் தொழிற்கூடத்திலே பல்லாண்டு உதவியாளராக இருந்தவர் பூர்டேல். குருவின் வழியில் நின்றும், குருவின் கொந்தளிப்பான மேற்பரப்பை விட்டு, கட்டடம் போன்ற உறுதியான அமைப்பை நாடினார் அவர். அவரிடம் பயின்ற மார்கரெட் மில்வர்ட் என்னும் அம்மையார் இந்தியாவுக்கு வந்து, தாகூரின் சாந்திநிகேதனத்தில் சிறிது காலம் தங்கினார். அங்கே மாணவராக இருந்தவர் ராம்கிங்கர் பைஜ். 1906ஆம் ஆண்டு வங்காளத்துப் பாங்குராவில் எளிய குடும்பத்திற் பிறந்த ராம்கிங்கர், இளமையிலேயே ஊரிலுள்ள தெய்வ உருவம் செய்வோரிடம் மண் பிசையக் கற்றவர். ஊர்க் கைவினைஞர் பழக்கிய விரல்களுக்கு மேனாட்டுப் பார்வையும் துணையாக வந்தது. ஆனால் அவர் ரோடினைப் போலவும் செய்யவில்லை. பூர்டேலைப் போலவும் செய்யவில்லை. கூடையும் குழந்தையும் நாயுமாக வேலை தேடிப் போகும் சந்தால் குடும்பத்தை 1938ஆம் ஆண்டில் திறந்த வெளியில் நிறுத்தினார். வெண்கலத்துக்குப் பொருள் இல்லை. கம்பிக் கூட்டின்மீது சீமெந்தையும் செம்புறைக்கற் பொடியையும் கலந்து அப்பி, மண்ணைப் பிடிப்பது போலவே அதனை எழுப்பினார். இந்தியாவின் புதுமைச் சிற்பத்துக்கு அதுவே தொடக்கம் என்று அறிஞர் பலர் மதிப்பர்.

சென்னையிலும் இதனை ஒத்த ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 1929ஆம் ஆண்டில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி கலைப்பள்ளியின் தலைமையை ஏற்றார். அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே. மற்போரும் வேட்டையும் எழுத்தும் அறிந்த அவர், ஏறக்குறைய 28 ஆண்டுகள், 1957 வரை, அங்கே பணிபுரிந்தார். உயிருள்ள மனிதரை மாதிரியாக நிறுத்தி வரையவும் களிமண்ணில் அமைக்கவும் மாணவரைப் பழக்கினார். சென்னைக் கடற்கரையில் 1959ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ‘உழைப்பாளர் சிலை’ அவர் படைப்பே. நான்கு மனிதர் ஒரு பாறையைப் பெயர்க்கின்றனர். அவர்களுக்குக் கல்லூரிக் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவரும் மாதிரியாக நின்றனர் என்பர். மன்னரும் ஆளுநரும் நின்ற பீடத்தில் கூலியாள் ஏறி நின்றது அன்றுதான்.

அவரிடம் பயின்று, அப்பள்ளியிலேயே ஆசிரியராகிப் பின் தலைவருமானவர் எஸ். தனபால். 1919இல் சென்னையிற் பிறந்த அவர் நடனமும் பயின்றவர். ஆசிரியரின் முறுக்கேறிய தசைகளை அவர் படைப்புகளிற் காண்பது அரிது. வடிவங்களைச் சுருக்கினார், தென்னாட்டு வெண்கலத் திருமேனிகளின் ஓட்டத்தையும் நாட்டார் உருவங்களின் எளிமையையும் சேர்த்துக்கொண்டார். ஔவையாரையும் இயேசுவையும் அவர் உருவாக்கியது அவ்வாறே.

இவ்விரு வழிமுறைகளையும் ஒருங்கே நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். நல்லாசிரியன் மாணவனுக்குத் தன் உருவத்தைக் கொடுக்கவில்லை. பார்க்கும் முறையைக் கொடுத்தான். நல்ல மாணவன் அம்முறையைக் கைக்கொண்டு உருவத்தை விட்டுவிட்டான். ஆதலின் ஹென்றி மூரின் சிலைபோல் ஒரு பெண்ணுருவில் துளையிட்டுவிட்டால் புதுமைச் சிற்பம் ஆகிவிடாது. அதுவும் பழைய சாந்து வார்ப்பைப் பிரதி செய்ததற்கு ஒப்பாகும். வார்ப்பின் வயது மட்டுமே வேறு.

மூரிடம் கொள்ளத்தக்கது வேறொன்று. இங்கிலாந்தின் இம்பிங்டன் என்னும் சிற்றூரில், பிள்ளைகளும் பெற்றோரும் ஒருங்கே கற்கும் பள்ளியொன்று அமைந்தது. அதற்கெனக் குடும்பச் சிலை ஒன்று செய்யும் எண்ணம் அவர் மனத்தில் எழுந்தது. பணம் கிடைக்கவில்லை. ஆயினும் அவ்வெண்ணம் அவரை விட்டகலவில்லை. 1944, 1945ஆம் ஆண்டுகளில் தாய், தந்தை, பிள்ளை என்னும் கருத்தைக் கையளவான சுடுமண் உருவங்களாக மீண்டும் மீண்டும் அமைத்துப் பார்த்தார். அவற்றுள் ஒன்றே பின்னர் வெண்கலப் பெருஞ்சிலையாகி, ஸ்டீவனேஜ் நகரின் பார்க்லி பள்ளியில் நின்றது. பேரரசுகளின் வெற்றித்தூணுக்காக அன்றி ஒரு பள்ளிக்கூடத்துக்காகத் தொடங்கிய சிந்தனை அது. அதன் கருவறை ஒரு பிடி களிமண்.

இனி வாவிக்கரைக்குத் திரும்புவோம். காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், வழக்கொழிந்த யாழைப் பழைய நூல்களிலிருந்து ஆராய்ந்து மீட்க முனைந்தவர். 1947இல் வெளிவந்த யாழ்நூல் அதன் பயன். அவர் பெயர் தாங்கிக் கல்லடியில் 1982இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கிய நிறுவனம், பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, அழகியற் கற்கைகள் நிறுவகமாக வளர்ந்தது. இசை, நடனம், நாடகம் ஆகியவற்றோடு கட்புலக் கலையும் அங்கே பாடமாயிற்று. மண்ணீட்டாளர் மீண்டும் தோன்ற ஒரு வாயில் திறந்தது எனலாம்.

அவ்வாயிலுக்குச் செல்லும் பாதை ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே தொடங்குதல் வேண்டும். பாடமோ கண்முன் இருக்கின்றது. விடியற்காலையில் வாவியில் தோணியின் அணியத்தில் நின்று ஒருவர் வீச்சுவலை எறிகின்றார். இடக்காலில் உடற்பாரம் ஊன்றுகின்றது, இடுப்பு திரும்புகின்றது, தோள் அதற்கு எதிராகத் திரும்புகின்றது, வலை கையை விட்டு நீங்கும் கணத்தில் உடம்பு முழுவதும் வில்லாகின்றது. மாணவர் அதனைப் பத்து நாள் பார்க்கட்டும். பின்னர் வகுப்பறைக்கு வந்து, லெகொக் கற்பித்தவாறு, நினைவிலிருந்து அமைக்கட்டும். முதலில் கம்பியாலும் குச்சியாலும் ஓர் உட்கூடு; அதில் பாரம் எந்தக் காலில் என்பது தெரிதல் வேண்டும். அதன்மேல் மண்ணைச் சிறு உருண்டைகளாக அப்புதல். விரல்நகத்தால் கண்ணிமை கீறுவது கடைசி வேலை. முகத்தை முதலிற் செய்பவன் உடம்பை ஒருநாளும் காணமாட்டான்.

மண்ணும் தன் பாடத்தைக் கற்பிக்கும். வாவியோரத்து மண்ணில் சிப்பித்துண்டுகள் கலந்திருக்கும். அவற்றை நீக்காது சூளையிலிட்டால், 800 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெம்மையில் சிப்பி சுண்ணாம்பாகும். வெளியே எடுத்த சில நாளில் அச்சுண்ணாம்பு காற்றின் ஈரத்தை உண்டு பருத்து, நன்றாக வெந்த உருவத்தையும் பிளந்துவிடும். ஆகவே மண்ணைக் கரைத்து, அரித்து, தெளியவைத்து, பின்னரே பிசைதல் வேண்டும். சூளைக்குரிய உருவத்தின் உட்கூட்டை நீக்கி உள்ளே குடைந்து, சுவரை ஒரே கனமாக்கி, நிழலில் மெல்ல உலர்த்துதல் வேண்டும். ஈரம் உள்ளே தங்கினால் நீராவி உருவத்தை வெடிக்கச் செய்யும். மாரி காலத்தில் இதற்குப் பொறுமை மிகத் தேவை. இவையெல்லாம் ஊர்க் குயவர் நன்கறிந்தவை. பள்ளிக்கூடம் அவரை ஆசிரியராக வரவேற்பதில் இழிவில்லை; பாங்குராவின் கைவினைஞர் இன்றேல் ராம்கிங்கர் ஏது?

இக்கல்வி வெறும் பொழுதுபோக்கன்று என்பதை மட்டக்களப்பு நன்கறியும். போர் நடந்த காலத்தில், 1996ஆம் ஆண்டில், யேசுசபைத் துறவியான போல் சற்குணநாயகமும் கனடா நாட்டுக் கலைஞர் போல் ஹோகனும் வேறு பலரோடு கூடி வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினர். போரினால் மனம் நொந்த தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே ஒன்றுகூடி மண்ணோடும் வண்ணத்தோடும் கதையோடும் விளையாடினர். 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாவலடியையும் கல்லடியையும் வாரிச் சென்றது. பெற்றோரின் நிழற்படம்கூட மிஞ்சாத வீடுகள் எத்தனை! அத்தகைய பிள்ளைக்கு நினைவிலிருந்து அமைத்தல் என்பது பாரிஸ் ஆசிரியரின் பயிற்சி மட்டுமன்று. தாய் தலைவாரிவிட்ட கையின் வளைவை, தந்தை தோணி தள்ளிய முதுகை, அப்பிள்ளையின் விரல் தேடிக் காண்கின்றது. அதனை எந்த அச்சும் கொடுக்க இயலாது.

அச்சில் வார்த்த பொம்மை நூறு, கண்காட்சி மேசையில் அழகாக நிற்கலாம். ஒன்றும் கோணாது, ஒன்றும் சாயாது. ஆனால் நூறும் ஒரே முகம். பிள்ளை தானே பிடித்த உருவம் சாய்ந்திருக்கும். ஒரு கை நீண்டிருக்கும். அதில் விரற்குறி பதிந்திருக்கும். ஆசிரியர் அதனைத் திருத்திக் கொடுக்காமல், “அவர் எந்தக் காலில் நிற்கின்றார், மகனே?” என்று கேட்டு, மீண்டும் வாவிக்கரைக்கு அனுப்புவாராயின், அன்று அங்கே சிற்பக் கல்வி தொடங்கிற்று எனலாம்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று பழமொழி நகைக்கும். நகைக்கட்டும். குரங்காய் முடிந்ததை அழித்துப் பிசைந்து மீண்டும் பிடிக்க இடங்கொடுப்பது களிமண் ஒன்றே. கல் அந்த மன்னிப்பை அளிப்பதில்லை. கற்கும் பிள்ளைக்கு அதனினும் ஏற்ற ஆசான் வேறு யாது?