சான்றிதழுக்கு முன்னே வந்தவர்கள்

பிரான்சில் பிள்ளைகளோ உறவினர்களோ இல்லாத தெரு நம் புதுச்சேரியில் குறைவு. அவர்கள் பேச்சில் 'அசிஸ்தாந்த் சோசியால்' என்ற சொல் அடிக்கடி வரும். வாடகை கட்ட முடியவில்லை, வயதான தாயாரைக் கவனிக்க ஆளில்லை, பையனுக்குப் பள்ளியில் தொல்லை என்றால் அந்த அம்மாளைத்தான் போய்ப் பார்ப்பார்கள். அரசாங்கத் திப்ளோம் இல்லாமல் அந்தப் பதவிப் பெயரை இன்று யாரும் வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் அந்த வேலையைத் தொடங்கிவைத்த பெண்களின் காலத்தில் அப்படி ஒரு திப்ளோமே கிடையாது.

நான் பிரெஞ்சு மொழியில் படித்தவன். எங்கள் சரித்திர வகுப்பில் பதினான்காம் லூயி வருவார், புரட்சி வரும், நெப்போலியன் வருவார். இந்தப் பெண்களைப் பற்றி ஒரு வரிகூட வந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் அவர்களைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

லண்டனில் 1884ஆம் ஆண்டு டாயின்பி ஹால் தொடங்கியது. படித்தவர்கள் ஏழைகள் வாழும் பேட்டையிலேயே போய்க் குடியிருந்து, அவர்களுக்கு அண்டை வீட்டாராக இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அதே எண்ணத்தோடு 1896இல் மாரி காஹெரி என்ற பெண்மணி, பாரிஸ் நகரில் தொழிலாளர்கள் நெருங்கி வாழ்ந்த போப்பேங்கூர் பகுதியில் ஓர் இல்லத்தைத் தொடங்கினார். அதிலிருந்து 'மெசோன் சோசியால்' என்ற பெயரில் மேலும் சில இல்லங்கள் கிளைத்தன. பெரிய இடத்துப் பெண்கள் அவற்றில் வந்து தங்கினார்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள், நோயாளிகளின் வீடுகளுக்குப் போய் வந்தார்கள்.

தர்மம் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் சீமாட்டியைச் சமூகம் பாராட்டியது. வீட்டுக்குத் திரும்பாமல் அங்கேயே தங்கிவிடும் பெண்ணை அதற்குப் பொறுக்கவில்லை. மாரி ழான் பசோ என்பவர் ஒரு தளபதியின் மகள். குடும்பத்தார் தடுத்தும் கேளாமல் இந்த வேலைக்கு வந்தவர். 1908இல் அவருடைய தாயாரே ஆள் வைத்து அவரைக் கடத்தி, சுவிட்சர்லாந்தில் ஒரு மனநோய் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். மகளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பது தாயின் கட்சி. அங்கிருந்து விடுபட்டு வந்த மகள், நீதிமன்றத்துக்குப் போனார். பத்திரிகைகளில் பெரிய அமளி. அந்தப் புயலில் 1909இல் மெசோன் சோசியால் இல்லங்கள் மூடப்பட்டன.

இந்த இடத்தில்தான் என் குமாஸ்தா புத்தி வேலை செய்கிறது. அந்தப் பெண் கையில் ஒரு திப்ளோமும் நியமன உத்தரவும் இருந்திருந்தால், 'இது என் உத்தியோகம்' என்று காட்டியிருக்கலாம். காட்ட ஒன்றும் இல்லாததால், அவர் செய்த வேலை பைத்தியத்தின் அறிகுறியாகிவிட்டது.

பசோ ஓயவில்லை. பாரிசை ஒட்டிய லெவலுவா பெரே என்ற தொழிலாளர் ஊரில் மறுபடியும் ஓர் இல்லம் தொடங்கினார். 1922இல் இத்தகைய நிலையங்களுக்குப் பிரான்சில் ஒரு கூட்டமைப்பு ஏற்பட்டபோது முன்நின்றவர்களில் அவரும் ஒருவர்.

இதற்கிடையில் பயிற்சிப் பள்ளிகள் வந்துவிட்டன. 1911இல் பாரிசில் 'எக்கோல் நொர்மால் சோசியால்' தொடங்கியது. முதல் உலகப் போரில் ஆண்கள் போர்முனைக்குப் போக, வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் பெண்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். அவர்கள் நலனைக் கவனிக்கும் மேற்பார்வைப் பெண்களுக்கென 1917இல் ஒரு பள்ளி ஏற்பட்டது. காசநோயோ ஊரை அரித்துக்கொண்டிருந்தது. அதற்காக வீடு வீடாகப் போன செவிலியர் ஒருபுறம், தொழிற்சாலைப் பெண்கள் ஒருபுறம், இல்லங்களில் தங்கியவர்கள் ஒருபுறம். செய்தது ஏறக்குறைய ஒரே வேலை, பெயர்தான் வேறு வேறு.

1932 ஜனவரி 12ஆம் தேதி ஆணை இதற்கெல்லாம் ஓர் அரசாங்க பிரெவே ஏற்படுத்தியது. நம் தலைமுறையில் 'பிரெவே பாஸ்' என்ற சொல்லுக்கு இருந்த மதிப்பு உங்களுக்கு நினைவிருக்கும். ஆனாலும் அது பட்டத்தைக் கொடுத்ததே தவிர, பட்டம் இல்லாதவர்களைத் தடுக்கவில்லை. 1946 ஏப்ரல் 8ஆம் தேதிச் சட்டம்தான் அந்தத் தொழிலைத் திப்ளோம் பெற்றவர்களுக்கு என்று ஒதுக்கியது. காஹெரி தொடங்கியதிலிருந்து கணக்கிட்டால் சரியாக 50 ஆண்டுகள்.

அப்போது ஒரு கேள்வி எழுந்தது. தாள் இல்லாமல் இத்தனை காலம் உழைத்தவர்களை என்ன செய்வது? வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. ஏற்கெனவே களத்தில் இருந்தவர்கள் தொடர்வதற்கும் வழி வைத்தார்கள். கோப்பு பார்த்தே காலம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எந்த விதியிலும் எனக்குப் பிடித்த இடம் இப்படிப்பட்ட விதிவிலக்குதான். விதி எழுதுவதற்கு முன்பே வேலை நடந்துகொண்டிருந்தது என்பதை அதிகாரமே ஒப்புக்கொள்ளும் இடம் அது.

அப்படியானால் சான்றிதழ் வெறும் காகிதம்தானா என்று சிலர் கேட்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 1946ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொன்றும் இருந்தது. தொழில் இரகசியம் காக்கும் கடமையை அது இந்தப் பெண்களுக்கு விதித்தது. நல்ல மனசோடு வந்தவர் வேலை தெரிந்து செய்யலாம், அன்போடும் செய்யலாம். ஆனால் ஏழை வீட்டில் கேட்ட சங்கதியை முதலாளியிடமோ பாதிரியாரிடமோ அண்டை வீட்டாரிடமோ சொல்லிவிட்டால் கேட்பார் யார்? சட்டம் வந்த பிறகு அதைக் கேட்க முடிந்தது. உரிமம் கிடைத்தது வேலைக்காரிக்கு, பாதுகாப்பு கிடைத்தது அவர் எதிரில் உட்கார்ந்து அழுதவருக்கு.

உங்கள் மகளோ பேத்தியோ அடுத்த முறை தொலைபேசியில் 'அசிஸ்தாந்த் சோசியாலைப் பார்த்தேன், எல்லாம் சொல்லிவிட்டேன்' என்றால் கவலைப்படாதீர்கள். சொன்னது அந்த அறையைத் தாண்டாமல் இருக்கச் சட்டம் இருக்கிறது. அந்த அறைக்கு ஆள் வந்து உட்கார்ந்ததோ, சட்டத்துக்கு ஐம்பது வருஷம் முன்னால்.