செங்குத்தாக விழுந்தாலும் 200தான்

புனேக்கு வேலைக்கு வந்த புதிதில், ஹடப்சரில் கிளைடர்கள் சத்தமே இல்லாமல் இறங்குவதை வேடிக்கை பார்த்திருக்கிறேன். இஞ்சினே இல்லாததற்கு வேக வரம்பு எதற்கு என்கிறீர்களா? மூக்கு கொஞ்சம் தாழ்ந்தால் போதுங்க, வேகம் கிடுகிடுவென ஏறிவிடும். வரம்பைத் தாண்டினால் இறக்கை படபடவென அடித்துக்கொண்டு ஒடிந்தே போகலாம்.

1930களில் ஜெர்மன்காரர்கள் மேலெழும் காற்றைத் தேடி மேகத்துக்குள்ளேயே புகுந்தார்கள். உள்ளே மேல் எது, கீழ் எது என்றே தெரியாது. சுதாரிப்பதற்குள் கிளைடர் தலைகுப்புறப் பாய்ந்துகொண்டிருக்கும். அதனால் ஹான்ஸ் யாக்கோப்ஸ், இறக்கையிலிருந்து எழும்பி நிற்கும் பிரேக் பலகைகளை உருவாக்கினார். செங்குத்தாக விழுந்தாலும் வேகம் வரம்புக்குள் நிற்க வேண்டும், அதுதான் கணக்கு. நிஜமாகவே செங்குத்தாகப் பாய்ந்து சோதித்தவர் ஹன்னா ரைட்ஷ். (அம்மணியின் நாஜி விசுவாசம் தனிக்கதை!)

1940 ஒலிம்பிக்குக்காக 1939இல் தேர்வான மைசே கிளைடருக்கு இதையே விதியாக்கினார்கள்: பிரேக் விரித்தால் செங்குத்துப் பாய்ச்சலிலும் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டக் கூடாது. போர் வந்தது, ஒலிம்பிக் நடக்கவில்லை.

பிறகு வந்த வழவழ ஃபைபர் கிளைடர்களில் இது கஷ்டமாகிவிட்டது. மேகத்துக்குள் பறக்க அனுமதி பெற்றவற்றுக்கே ஐரோப்பிய விதி கேட்பது 45 டிகிரி சரிவுதான். திசை தொலைத்தவன் கோணம் பார்த்தா விழுவான்?