பனிக்காலப் பறவை நோக்கலும் பாசன ஏரிகளும்: வேடந்தாங்கல் முதல் வீராணம் வரை ஒரு வரலாற்றுப் பார்வை

சேத்தியாத்தோப்புக்குத் தெற்கே வீராணம் ஏரி, வடக்கே பரவனாற்று நீர் சேரும் வாலாஜா ஏரி, கிழக்கே வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டை, அதையடுத்துப் பிச்சாவரம். மார்கழியில் இங்கே தங்கியிருக்கும் நீலச்சிறகிக்கும் பொரி உள்ளானுக்கும் இது ஒரே நிலப்பரப்பு. மனிதர்தான் இதைக் காப்பிடம் என்றும் பாசன ஏரி என்றும் பிரித்தோம். அந்தந்தக் காலத்தில் பறவையிடம் எதைத் தேடினோமோ, அதற்கேற்ற நீர்நிலை மட்டுமே நம் கண்ணில் பட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம். முதலில் தேடியது கூடுகளை. வேட்டைத் துப்பாக்கிகளுக்கு அஞ்சிய வேடந்தாங்கல் விவசாயிகள் 1798-ல் செங்கல்பட்டு கலெக்டரிடம் பாதுகாப்பு ஆணை பெற்றார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமானது. அந்த ஆணைக்குப் பின்னால் உழவரின் அனுபவ அறிவு இருந்தது. ஆனால் எச்சம் குவிவது கொக்கும் நாரையும் கூட்டமாய்க் கூடு கட்டும் மரங்களின் கீழ்தான். இங்கே கூடு கட்டாமல் இரைதேட மட்டுமே வரும் உள்ளான்கள் இந்தக் கணக்குக்குள் வரவில்லை.

அவற்றின் மீது கவனம் திரும்பியதற்கு நோய் ஆராய்ச்சி ஒரு முக்கியக் காரணம். பறவைகள் வழியே உண்ணிகளும் வைரஸ்களும் கண்டம் தாண்டுகின்றனவா என்று அறிய, 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவுடன் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் வலசை ஆய்வைத் தொடங்கியது. சாலிம் அலி வழிநடத்திய அப்பணியில் கோடியக்கரை முக்கிய வளையமிடும் களமாயிற்று. 1967-ல் அது சரணாலயமானது; 2002-ல் தமிழகத்தின் முதல் ராம்சார் தலமானது, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. பிச்சாவரத்துக்கு அந்தத் தகுதி 2022-ல்தான் கிடைத்தது. பறவையைப் பிடித்து வளையமிட, அது பெருந்திரளாய்க் கூடும் இடம் வேண்டும். ஏரி ஏரியாய்ச் சிதறி மேயும் பறவைகளுக்கு அந்த முறை அவ்வளவாய்ப் பொருந்தாது. கூடுகள் இல்லாத பாசன ஏரிகள் மறுபடியும் விடுபட்டன.

ஏரி மனிதன் வெட்டியது, பிச்சாவரம் போன்ற கழிமுகம் இயற்கையானது, எனவே முன்னுரிமை கழிமுகத்துக்கே என்று வாதிடலாம். வரலாறு இதற்கு இடம் தரவில்லை. வேடந்தாங்கலே ஒரு பாசன ஏரி. கோடியக்கரை ராம்சார் தலத்திலும் உப்பளங்கள் உண்டு. வீராணமோ முதலாம் பராந்தகன் காலத்தது, ஆயிரம் ஆண்டு கடந்தது. பறவைக்கு முக்கியம் தண்ணீரின் ஆழம். பொரி உள்ளானின் கால் எட்டும் அளவுக்குத் தண்ணீர் வற்றிச் சேறு தெரிந்தால்தான் அதற்குப் புழு கிடைக்கும்; நீலச்சிறகிக்கு இன்னும் சற்று ஆழம் வேண்டும். சம்பா பாசனத்துக்குத் தண்ணீர் இறங்க இறங்க ஏரியின் ஓரங்கள் ஒவ்வொன்றாய்த் திறப்பது இரண்டுக்கும் வசதி. 2004 முதல் சென்னைக் குடிநீருக்காக வீராணத்திலிருந்து தண்ணீர் போகிறது. அதனால் நீர்மட்டத்தை உயர்த்தி வைக்க வேண்டிய கட்டாயமும் சேர்ந்திருக்கிறது. வாலாஜா ஏரிக்கோ நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து இறைக்கும் தண்ணீர் வருகிறது. இவ்விரு மாற்றங்களும் எந்தப் பறவையைக் கூட்டின, எதைக் குறைத்தன என்பது முறையாக ஆராய வேண்டிய கேள்வி.

சரணாலயம் என்று அறிவித்தால் உழவரும் மீனவரும் பாதிக்கப்படுவார்கள் என்ற மறுப்பில் நியாயம் உண்டு. அதனால்தான் இங்கே கோருவது அறிவிப்பு அல்ல, பதிவு. 1987 முதல் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரிதோறும் நடக்கிறது. 2015 முதல் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் யாரும் சேரலாம். வீராணத்தின் முழு மட்டம் 47.50 அடி, அன்றாட நீர்மட்டத்தை நீர்வளத்துறை ஏற்கெனவே குறித்து வைக்கிறது. வரும் தை முதல் சேத்தியாத்தோப்பு, காட்டுமன்னார்கோயில் பள்ளி, கல்லூரி மாணவர்கள் பறவை எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே அன்றைய அடிக்கணக்கையும் எழுதி வைக்க வேண்டும். ஆசிரியர்கள் அதை ஆண்டுதோறும் விடாமல் தொடரச் செய்ய வேண்டும்.